நான் பினாங்கில், அம்மா தண்டையார்பேட்டை வாடகை வீட்டில்: மோட்டாருக்குப் பூட்டு, அட்வான்ஸுக்கு ரசீது இல்லை

அகஸ்தியா ஸ்டாப் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நான் வேலை பார்க்கிற கம்பெனி சிங்கப்பூர்ல. இருக்கிறது பினாங்கு, ஜார்ஜ் டவுன். ரிமோட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு மலேசியா 2022-ல கொண்டுவந்த டிஈ ரந்தாவ் பாஸ்ல வந்தேன். அம்மா ஊர்லதான், சென்னை தண்டையார்பேட்டையில, டி.எச். ரோட்டை ஒட்டின ஒரு தெருவுல, பழைய வீட்டோட கீழ் போர்ஷன்ல தனியா இருக்காங்க. மேல் மாடியில ஹவுஸ் ஓனர். வாடகை 11,000. அட்வான்ஸ் பத்து மாசம், 1,10,000 ரூபாய், கையில பணமா குடுத்தது. ரசீது கிடையாது, அவரோட டைரியில எழுதிக்கிட்டார். அக்ரிமென்ட் 11 மாசத்துக்கு, என் பேர்ல. அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சு, வாடகை மட்டும் மாசாமாசம் ஜிபேல போயிட்டிருக்கு.

இப்ப 16,000 குடு, இல்லைனா காலி பண்ணுங்கிறார். மெட்ரோ வந்ததுக்கப்புறம் எங்க ஏரியாவுல வாடகை ஏறினது உண்மைதான். ஆனா ஒரே தாவலா 5,000 எப்படிங்க? முடியாதுன்னதும் சம்ப் மோட்டார் ஸ்விட்ச் பெட்டிக்குப் பூட்டு போட்டுட்டார். காலையில 6 மணிக்கு அரை மணி நேரம் திறப்பார், அவ்வளவுதான். அப்ப எனக்கு எட்டரை, டீம் மீட்டிங் நேரம். ஒரு காதுல மேனேஜர், இன்னொரு பக்கம் போன்ல அம்மா "தண்ணி நின்னுடுச்சுடா"ங்கிறாங்க.

அடுப்படி சீலிங்ல காரை பெயர்ந்து துருப்பிடிச்ச கம்பி வெளியில தெரியுது. சோத்துல துகள் விழக்கூடாதுன்னு அம்மா அதுக்குக் கீழ ஒரு பழைய பாயை நாலு மூலையிலயும் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. அந்த போட்டோவைப் பார்த்ததுல இருந்து எனக்குத் தூக்கமில்லை.

அம்மா கேட்டா, "அக்ரிமென்ட் உங்க பையன் பேர்ல, அவன்கிட்ட பேசிக்கிறேன்"கிறார். நான் போன் பண்ணா எடுக்கிறதில்லை. எடுத்தா, "நேர்ல வாப்பா." மோட்டாரைப் பூட்ட அவருக்கு உரிமை உண்டா? அட்வான்ஸ் பணத்துக்கு என்ன ஆதாரம்? இங்கிருந்தே நான் என்ன செய்ய முடியும்?

காசிமேடு காத்து

தம்பி, மொதல்ல தண்ணியப் பாரு, சட்டம் அப்பாலிக்கா. மெட்ரோ வாட்டர் ஆன்லைன்ல லாரித் தண்ணி புக் பண்ணலாம், ஆனா அது சம்புக்குள்ள ஊத்துற கணக்கு. பூட்டு ஓனர் கையில இருக்கிறப்ப அது உதவாது. தெருவுல அடிபம்பு இருக்கும்ல? பக்கத்து வூட்டுப் பசங்க யாரையாவது காலையில நாலு குடம் தூக்கிக் குடுக்கச் சொல்லு, மாசம் ஏதாச்சும் குடு. அம்மா இடுப்பு தாங்காது.

ரெண்டாவது, பூட்டை வீடியோ எடுக்கச் சொல்லு. பெட்டி, பூட்டு, கொழாயத் தொறந்தா தண்ணி வராதது, எல்லாம் ஒரே ஓட்டத்துல இருக்கணும். அந்தப் பாய் கட்டின எடத்தையும் எடுக்கட்டும். நாளைக்கு அவரே பூட்டைக் கழட்டிட்டு "நான் எங்க பூட்டினேன்"னு கேப்பார்.

பத்திரம் பார்த்தவன்

முப்பது வருடத்துக்கு மேல் பத்திர எழுத்தராக இருந்தவன். தம்பிக்குத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துகிற சட்டம். அதன்படி தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும் கூடாது. நிறுத்தினால் ரென்ட் அத்தாரிட்டியிடம் மனுக் கொடுக்கலாம். கலெக்டர் நியமிக்கும், துணை கலெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரி அவர். விசாரணை முடியும் முன்பே வசதியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

வாடகையை உயர்த்துவதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாடிப்படியில் நின்று சொன்னால் அது நோட்டீஸ் ஆகாது. சீலிங், சுவர் போன்ற கட்டடப் பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர் மாற்றுவது, ஸ்விட்ச் மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் பழுது பார்க்க மறுத்தால், நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் எழுத்தில் கேட்டு, மறுத்ததற்கு ஆதாரம் வைத்துக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும்.

இனி உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 11 மாத அக்ரிமென்ட் என்றால் பதிவு தேவையில்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. அது 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் கணக்கு; ஆண்டுக்காண்டு தொடரும் குத்தகைக்கும் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும்தான் அங்கே பதிவு கட்டாயம். புதிய வாடகைச் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு ரென்ட் அத்தாரிட்டியிடம் பதிய வேண்டும். இணையதளத்திலேயே பதியலாம், ஒரு பதிவு எண் கொடுப்பார்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டிக் காலி செய்யக் கேட்க உரிமையாளருக்கு அதே சட்டம் இடம் கொடுக்கிறது. சென்னையில் பல வாடகைதாரர்கள் இந்த ஒரு காரணத்தாலேயே வழக்கில் தோற்றிருக்கிறார்கள். ஆகவே சண்டையை விடப் புது ஒப்பந்தம்தான் உங்களுக்கு முக்கியம். அதுவும் உங்கள் பெயரில் வேண்டாம். வீட்டில் குடியிருப்பது அம்மா, அவர் பெயரில் போடுங்கள்.

ஜீவா ஸ்டேஷன்

ப்ரோ, நான் வேற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க. கேஸு, மனுன்னு போனா அந்த ஓனர் கூடத்தான் அம்மா தினமும் ஒரே வாசல்ல போய்வரணும். மேல் மாடிக்காரன் மனசு வெச்சா ஆயிரம் தொல்லை குடுப்பான். கோலம் போட்டா தண்ணி ஊத்துவான், துணி காயப் போட்டா சண்டை இழுப்பான். மாதவரம் பக்கமோ மூலக்கடை பக்கமோ அதே 11,000-க்கு நல்ல வீடு கிடைக்கும். அட்வான்ஸைக் கேட்டு வாங்கிட்டு கிளம்பிடுங்க. எங்க பெரியம்மாவை வியாசர்பாடியில இருந்து அப்படித்தான் மாத்தினோம், நிம்மதியா இருக்காங்க.

புதுவண்ணை நைட் ஷிஃப்ட்

ஜீவா ஸ்டேஷன் அண்ணா, நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, ஆனா இதுல எனக்கு உடன்பாடில்லை. அட்வான்ஸைக் கேட்டு வாங்கிட்டுன்னு ஒரே வரியில சொல்லிட்டீங்க. ரசீதே இல்லாத 1,10,000-ஐ, காலி பண்ணிட்டு எந்தப் பிடியை வெச்சு வாங்குறது? புது வீட்டுக்கு இன்னொரு லட்சம் யார் தருவா? வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் நம்ம கையில பிடி இருக்கு.

புது வீடு கிடைக்கிறதும் அவ்வளவு லேசில்லை. நான் வீட்டுல இருந்தே அமெரிக்க கம்பெனிக்கு நைட்டு வேலை பார்க்கிறேன். "ராத்திரி பூரா லைட் எரியுமா? என்ன வேலைம்மா அது?"ன்னு கேட்டே மூணு ஓனர்ங்க வீடு தரலை. தனியா இருக்கிற வயசான பொம்பளைன்னா "உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பார்க்கிறது"ன்னு கேப்பாங்க. கருவாடு சமைப்பீங்களான்னு கேக்கிறவங்க வேற. கடலை ஒட்டின ஊர்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்கிறாங்களேன்னு எனக்கு வயிறு எரியும்.

அகஸ்தியா அண்ணா, இதைக் குறிச்சுக்கங்க. 1987-ஆம் வருஷ சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காம இலவசமா வக்கீல் தருவாங்க. ஹைகோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கு. தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா ஹைகோர்ட் ஸ்டேஷன்ல இறங்கலாம், மாறவே வேண்டாம். 15100-க்கு போன் பண்ணியும் கேக்கலாம். முதியோருக்குத் தனியா 14567 இருக்கு. மகன் வெளிநாட்டுலன்னா அம்மா கையாலாகாதவங்கன்னு ஓனர் நினைக்கிறார். மனு அம்மா பேர்ல, அம்மா கையெழுத்துல போகட்டும்.

அகஸ்தியா ஸ்டாப்

பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீடு மாத்துறதைப் பத்தி அம்மாகிட்ட பேசினேன். முடியாதுன்னுட்டாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில சுகர் மாத்திரை வாங்குறாங்க, ரேஷன் கடை இங்க, சித்தி ரெண்டு தெரு தள்ளி. மாதவரம் போனா இதெல்லாம் யாருக்காகன்னு கேட்டாங்க, என்கிட்ட பதிலில்லை.

இங்க பினாங்குல நான் ஒரு சின்ன வீடு எடுத்தப்ப ரெண்டு மாச வாடகை டெபாசிட், கரன்ட் தண்ணிக்கு அரை மாசம், அவ்வளவுதான் கேட்டாங்க. அக்ரிமென்டுக்கு ஸ்டாம்ப் டியூட்டி கட்டினாங்க, சாமான் பட்டியல்ல கதவுச் சாவி எத்தனைங்கிறது வரைக்கும் எழுதிக் கையெழுத்து. அந்நிய ஊர்ல எனக்கு இருக்கிற காகிதப் பலம் சொந்த ஊர்ல அம்மாவுக்கு இல்லை. அட்வான்ஸுக்கு நம்ம சட்டத்துல அளவு ஏதும் கிடையாதா ஐயா?

பத்திரம் பார்த்தவன்

இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். சென்னையின் பத்து மாத வழக்கம் அந்த வாசல் வழியாகத்தான் இன்னும் போய்வருகிறது. ஆகவே புது ஒப்பந்தத்தில் முன்பணத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வையுங்கள்.

பழைய பணத்துக்கு இப்போதே ஆதாரம் உண்டாக்கலாம். உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "ஐயா, உங்களிடம் இருக்கும் எங்கள் அட்வான்ஸ் 1,10,000 ரூபாயைப் புது அக்ரிமென்டிலும் குறிப்பிட்டுவிடலாமா?" அவர் ஆம் என்றாலும் சரி, "வாடகை ஏற்றினால்தான்" என்றாலும் சரி, பணம் வாங்கியதை மறுக்கவில்லை என்பது பதிவாகிவிடும். போனில் பேச வேண்டாம். பூட்டைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு சொல்லும் வேண்டாம்.

இன்னொன்று. பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள், வெளிநாட்டிலிருந்தே பார்க்கலாம். சொத்துவரி ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் மாநகராட்சித் தளத்தில் பாருங்கள். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் அப்பா, தாத்தா பெயரிலேயே கிடக்கும். நான் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒப்பந்தத்தைப் பதியாமல் தள்ளுகிறவர்களில் பலருக்கு உள்ளே இருக்கும் காரணம் அதுதான்.

பெரம்பூர் வீட்டம்மா

ஒரு ஓனராவும் பேசணும்னு தோணுது. நானும் வெளிநாட்டுல வீட்டுல இருந்தே வேலை பார்க்கிறவதான், அயர்லாந்து கார்க் நகரத்துல. பெரம்பூர்ல பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் எங்க ஃபிளாட்டை 22,000-க்கு விட்டிருக்கோம். ஒரு குடும்பத்துக்குன்னு சொல்லித்தான் குடுத்தோம். அவங்க ஒரு ரூமை ரெண்டு பசங்களுக்கு உள்வாடகைக்கு விட்டது அசோசியேஷன் வாட்ஸ்அப்ல யாரோ தண்ணி சண்டை போட்டப்பதான் எனக்குத் தெரிஞ்சது. எழுத்துல சம்மதம் வாங்காம உள்வாடகைக்கு விடக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. என் தம்பி நேர்ல போய்க் கேட்டா, "நீங்க யாரு? உங்களுக்கு என்ன அதிகாரம்?"னு திருப்பிக் கேட்டாங்க.

அதுக்கப்புறம்தான் தம்பியை வீட்டு மேலாளரா எழுத்துல நியமிச்சு, வாடகைதாரருக்கும் ஒரு காப்பி குடுத்தோம். வீட்டைப் பார்க்கப் போறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லிட்டுத்தான் போறார். மரியாதையாத்தான் இருக்கு ரெண்டு பக்கமும். இப்ப புதுப் பிரச்சினை. வாடகை தர்றப்பவே வாடகைதாரர் அதுல டிடிஎஸ், அதாவது வருமான வரி பிடிக்கணுமாம், இத்தனை நாள் முழுசா அனுப்பிட்டிருக்காங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

வரவு செலவு

பெரம்பூர் அக்கா, இது பல பேருக்குத் தெரியாத விஷயம். ஓனர் என்ஆர்ஐன்னா வாடகைதாரர் 31.2% டிடிஎஸ் பிடிச்சுக் கட்டணும், 30% வரியும் அதுக்கு மேல செஸ்ஸும். மாசம் 50,000-க்கு மேலன்னாதான்ங்கிற வரம்பு உள்ளூர் ஓனருக்கு மட்டும்தான். என்ஆர்ஐ ஓனருக்கு 5,000 வாடகைன்னாலும் பிடிக்கணும். உங்க கணக்குல 22,000-க்கு 6,864 ரூபாய். அதுக்கு வாடகைதாரர், வரி பிடிச்சுக் கட்டுறவங்களுக்கான டான் நம்பர் வாங்கி, மூணு மாசத்துக்கு ஒருதரம் ரிட்டர்ன் போட்டு, உங்களுக்குச் சர்ட்டிஃபிகேட் தரணும். பிடிக்கலைனா வட்டியும் அபராதமும் வாடகைதாரர் தலையில. அதனால அவங்க மேல கோபமா இருந்தாலும் இதை நீங்களே சொல்லிடுங்க, அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

வாடகை உங்க என்ஆர்ஓ கணக்குக்கு (என்ஆர்ஐகளோட இந்திய வருமானத்துக்கான பேங்க் கணக்கு) வரணும். ஊர்ல இருந்தப்ப வெச்சிருந்த சாதா சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓவா மாத்திடணும். வீட்டு வரி போக மீதியில 30% கழிவு உண்டு. உங்களுக்கு இந்தியாவுல வேற வருமானம் இல்லைன்னா கட்ட வேண்டிய வரி பிடிச்சதைவிட ரொம்பக் குறைவா வரும், ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கலாம். வருஷாவருஷம் அலைய வேண்டாம்னா, குறைவா பிடிக்கச் சொல்லி வருமான வரித்துறையிலயே முன்கூட்டி சர்ட்டிஃபிகேட் வாங்கலாம்.

காசிமேடு காத்து

அகஸ்தியா தம்பி, வில்லங்கம் போட்டியா? இன்னா ஆச்சு?

அகஸ்தியா ஸ்டாப்

போட்டேன்ணே. பத்திரம் ஐயா சொன்ன மாதிரியேதான். வீடு ஓனரோட அப்பா பேர்ல இருக்கு. அப்பா தவறிட்டார். ரெண்டு அக்கா இருக்காங்க, ஒருத்தர் கொருக்குப்பேட்டை, ஒருத்தர் ஆவடி. பாகம் பிரிக்கலை. வாடகை முழுக்க இவர்தான் வாங்கிக்கிறார், அக்ரிமென்ட்ல இவர் மட்டும்தான் ஓனர்னு கையெழுத்து போட்டிருக்கார்.

இதை வெச்சு அவரை மிரட்டுறதுக்கு எனக்கு மனசு வரலை, அம்மாவும் கூடாதுன்னாங்க. அட்வான்ஸ் பத்தி மட்டும் வாட்ஸ்அப் அனுப்பினேன். "16 குடுத்தா எழுதிக்கலாம், பணம் எங்க போகப்போகுது"ன்னு பதில் வந்திருக்கு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சாச்சு.

அம்மா சித்தியோட ஹைகோர்ட்டுக்குப் போய் இலவச சட்ட உதவியில மனு எழுதிக் குடுத்தாங்க. நல்லா விசாரிச்சாங்களாம், உட்கார வெச்சுப் பேசினாங்களாம். அங்கிருந்து ஓனருக்கு நோட்டீஸ் வந்ததும் மொத வேலையா பூட்டு கழன்டுடுச்சு. பேச்சுவார்த்தைக்கு ஓனர் பெரிய அக்காவோட வந்தார். அந்த அம்மாதான் அடுப்படிக்கு நேரா போய் அந்தப் பாயைத் தூக்கிப் பார்த்துட்டு, "இதுக்குக் கீழயா ஆக்கித் திங்கிறீங்க"ன்னு தம்பியைத் திட்டினாங்களாம்.

முடிவு: வாடகை 12,500. அக்ரிமென்ட் அம்மா பேர்ல, ஓனர் பக்கம் மூணு பேரும் கையெழுத்து. அட்வான்ஸ் 1,10,000 எழுத்துல. மோட்டார் சாவி ஒண்ணு அம்மாகிட்ட. ஆன்லைன்ல பதிவுக்குக் குடுத்தாச்சு. சீலிங் வேலை பொங்கல் கழிஞ்சுதான்ங்கிறார், அது வரைக்கும் தாங்குமான்னு பயமா இருக்கு.

புதுவண்ணை நைட் ஷிஃப்ட்

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கண்ணா. சீலிங்கைப் பொங்கல் வரைக்கும் விடாதீங்க. கடல் காத்துல கம்பி துருப்பிடிச்சா சிமென்ட்டை உடைச்சுக்கிட்டு உப்பும், பாயால தாங்க முடியாது. அம்மா கையாலயே ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பச் சொல்லுங்க. இப்போதைக்கு அடுப்பை முன் ரூமுக்கு மாத்திடுங்க.

அப்புறம் ஈபி. சப் மீட்டர்ல யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குறார்? வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம். ஈபி கார்டு நம்பரை வாங்கிட்டா பினாங்குல இருந்தே பில்லைப் பார்த்துடலாம்.

அகஸ்தியா ஸ்டாப்

யூனிட் 9 ரூபாய்ங்க. நம்பரை அம்மா மீட்டர் பெட்டி மேல எழுதியிருக்கிறதைப் பார்த்து அனுப்பிட்டாங்க. அடுப்பை நாளைக்கே மாத்தச் சொல்லிட்டேன். கடிதத்தை அம்மா எழுதிட்டு இருக்காங்க.

எர்ணாவூர்க்காரன்

இழையை முழுசா படிச்சேன், என் நிலைமையும் கிட்டத்தட்ட இதேதான். துபாய்ல இருக்கேன், எர்ணாவூர்ல எங்க வீட்டை வாடகைக்கு விடணும். அண்ணன் கையெழுத்து போடணும்னா பவர் குடுக்கணுமா? நேர்ல வர இந்த வருஷம் லீவு கிடைக்காது.

பத்திரம் பார்த்தவன்

வாடகை ஒப்பந்தத்தில் உங்களுக்காக அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் பவர் பத்திரம் தேவைதான். ஆனால் பொது பவர் வேண்டாம். வாடகைக்கு விட, வாடகை வாங்கி ரசீது கொடுக்க, பழுது பார்க்க, ரென்ட் அத்தாரிட்டி முன்பு ஆஜராக என்று இந்த வேலைகளை மட்டும் எழுதி, விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். உடன்பிறந்தவர் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. அந்தப் பத்திரம் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

துபாயில் இந்தியத் துணைத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்குங்கள். அசலைக் கூரியரில் அண்ணனுக்கு அனுப்புங்கள், கூரியர் உறையை அவர் தூக்கிப் போட வேண்டாம். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வந்த தேதியைக் காட்ட அந்த உறைதான் கேட்பார்கள்.